தகவலாளர் நான்கு

ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன் பல்கலைக்கழகத்தில் ஒரு படிவம் தருகிறார்கள். 'ஆய்வாளரின் கல்விப் பின்னணி' என்று தலைப்பு, கீழே ஒரு பக்கம் வெற்றிடம். காலையிலிருந்து அதன் முன்னால் உட்கார்ந்து எழுந்து, எழுந்து உட்கார்ந்து, இரண்டு காபி குடித்தாயிற்று. இளங்கலை, முதுகலை, சமூகவியலில் முனைவர் பட்ட ஆய்வு என்று மூன்று வரியில் முடிகிற வேலை. எந்த வரியை எழுதப் போனாலும் நீ குறுக்கே வந்து நிற்கிறாய்.

இளங்கலை என்றால் கல்லூரிப் பேருந்துதான். வகுப்பில் புரியாததெல்லாம் உப்பளங்களைத் தாண்டும்போது உன் வாயால் கேட்டால் புரிந்துவிடும். உன் வீட்டில் கப்பலுக்குப் போகிறவர்கள், என் வீட்டில் கல்லாவில் உட்காருகிறவர்கள். பெண்பிள்ளை மேலே படித்து என்ன செய்யப் போகிறது என்பதில் மட்டும் இரண்டு வீட்டாருக்கும் ஒரே கருத்து. அப்படியும் முதுகலைக்கு இரண்டு விண்ணப்பங்களை நீயே நிரப்பினாய். இருவருக்கும் இடம் கிடைத்தது. அந்த மாதமே உன் அப்பா கப்பலில் இடுப்பில் அடிபட்டு வீட்டோடு வந்துவிட்டார். நீ துறைமுகத்துக்குப் பக்கத்தில், கப்பல் சரக்குக்குச் சுங்கப் பேப்பர் போடுகிற ஒரு கிளியரிங் ஏஜென்ட் அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தாய்.

"நீ போளா. ரெண்டு பேருக்கும் சேத்துப் படி" என்றாய். நான் என் பங்குக்கே ஒழுங்காகப் படிக்கவில்லை, அது வேறு கதை.

எங்கெங்கோ வேலை பார்த்துவிட்டு, முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்து, தலைப்புக் கிடைக்காமல் ஊரில் சுற்றிக்கொண்டிருந்தபோது ஒரு மதியம் உன் அலுவலகத்துக்கு வந்தேன். டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டே சொன்னாய்: "ஆறு வருசமா கப்பல் கப்பலா பேப்பர் போடுதேன். ஒரு கப்பலயும் கிட்ட நின்னு பாத்ததில்ல. ஹார்பருக்குள்ள போறதெல்லாம் ஆம்பளையாளுதான். ஏன்னு எவனாச்சும் கேட்டிருக்கானா?"

சாப்பாட்டுப் பேச்சாகத்தான் சொன்னாய். பேருந்தில் ஏறியதும் முதல் வேலையாக அதை நோட்டில் எழுதிக்கொண்டேன். சில மாதங்களில் அதுவே என் ஆய்வுத் தலைப்பு ஆகிவிட்டது. முன்னுரையில், முந்தைய ஆய்வுகளைப் படித்ததில் இந்தக் கேள்வி எழுந்தது என்று போட்டிருக்கிறேன். எழுதும்போது கை கூசவில்லை. இப்போது கூசுகிறது.

இது உன் கேள்வி என்று நெறியாளரிடம் சொல்லிப் பார்த்தேன். "தகவலாளர் பேரை வெளியே சொல்லக் கூடாதும்மா. நன்றியுரையில ஒரு தோழின்னு போட்டுக்குங்க" என்றார். விதி சரிதான். எனக்கு அது வசதியாகவும் இருந்தது. ஆய்வுக்காக நான் பேட்டி எடுத்தவர்களில் நீ நான்காவது ஆள்; என் ஆய்வேட்டில் நீ தகவலாளர் நான்கு.

உன்னைப் பேட்டி எடுத்த நாளை நினைத்தால் என் மேலேயே எரிச்சல் வருகிறது. அந்நியரிடம் கேட்பதுபோல வினாத்தாளை வாசித்தேன். கல்வித் தகுதி என்றதும் நீ என்னையே பார்த்தாய்.

"ஏளா, அது உனக்குத் தெரியாதா?"

"பதிவுல இருக்கணும்ளா, சொல்லு."

நிமிர்ந்து உட்கார்ந்தாய். "பி.ஏ. சமூகவியல். முதல் வகுப்பு." நான் சிரித்தேன். நீ சிரிக்கவில்லை.

அடுத்த மாதம் மூன்றே நாள் காய்ச்சலில் போய்விட்டாய். அடக்கத்துக்கு வந்து உன் அலுவலகப் பெண்களோடு நின்றேன். அவர்களில் பாதிப் பேர் என் தகவலாளர்கள்.

பேட்டி முடிந்ததும், உங்களுக்கு என்னிடம் ஏதாவது கேட்க வேண்டுமா என்று தகவலாளரிடம் கேட்பது எங்கள் வழக்கம். மற்ற எல்லாரிடமும் கேட்டேன். நீதானே என்று உன்னிடம் மட்டும் கேட்கவில்லை. சரிபார்ப்பதற்காக இந்த வாரம் உன் பேட்டியின் ஒலிப்பதிவைத் திரும்பப் போட்டேன். கடைசியில் உன் குரல்: "எல்லாம் முடிச்சிட்டியா? இப்ப நான் ஒண்ணு கேக்கட்டா?" உடனே என் குரல்: "பஸ்ஸுக்கு நேரமாச்சுளா. அடுத்த தடவ கேளு." பதிவு அங்கே நிற்கிறது.

என்ன கேட்க வந்தாய்? என் பேரப் போடுவியா என்றா? நான் இப்ப மேல படிக்கச் சேந்தா எடுப்பாவளா என்றா? இல்லை, ராத்திரி சாப்பிட்டுப் போறியா என்பது மட்டும்தானா?

முன்னுரையில் அந்த வாக்கியத்தை அடித்துவிட்டேன். 'இது என் தோழி கேட்ட கேள்வி. அவளும் சமூகவியல் படித்தவள்' என்று எழுதியிருக்கிறேன். நெறியாளர் வெட்டினால் மறுபடியும் எழுதுவேன். நீ கேட்ட கேள்விக்கு அவ்வளவாவது செய்ய முடிகிறது. நான் கேட்க விடாத கேள்வியைத்தான் எங்கே வைப்பதென்று தெரியாமல் சுமந்துகொண்டு அலைகிறேன்.