எதிர்வீட்டு ஜன்னல்

லிட்பரி,
14 செப்டம்பர் 1968

அன்புள்ள ஓவன்,

இந்தக் கடிதம் உனக்கு முன்னால் கேப்டவுன் போய்ச் சேர்ந்து உனக்காகக் காத்திருக்கும் என்று நம்புகிறேன். டாம்சின் இப்போதுதான் தூங்கினாள். கீழே ரொட்டிக் கடையில் அடுப்பு மூட்டுவதற்குள் எழுதி முடித்தால்தான் உண்டு. மூட்டிவிட்டால் இந்த அறையில் உட்கார முடியாது.

முதலில் குழந்தை. இருமல் அப்படியேதான் இருக்கிறது. பயப்பட ஒன்றுமில்லை என்கிறார் டாக்டர். ஆனால் மாவுத் தூசி இல்லாத வீடாகப் பாருங்கள் என்றும் சொல்கிறார். பயப்பட ஒன்றுமில்லை என்று யாராவது சொன்னால் எனக்கு வரும் பயம் உனக்குத் தெரியும். கீழே இரண்டு பல் வந்துவிட்டது. அது நல்ல செய்தி.

நாம் பார்த்து வைத்த வீட்டுக்கு மறுபடி போய்வந்தேன். பாலத்திலிருந்து சர்ச் கோபுரத்தைப் பார்த்து நின்றால் மில் லேனில் வலது வரிசை, நான்காவது. நீ அவசரமாகப் பார்த்துவிட்டுக் கப்பலுக்கு ஓடினாய். மாடி ஜன்னலை நீ திறக்கவே இல்லை. அங்கிருந்து இரண்டு ஆறுகளும் தெரிகின்றன. இந்தப் பக்கம் லிட், பச்சையாக, ஆளே இல்லாததுபோல ஓசையின்றி. அந்தப் பக்கம் செவர்ன், பால் குறைந்த தேநீர் நிறத்தில். சேர்ந்த பிறகும் கொஞ்ச தூரம் ஒன்றோடொன்று பேசாமல் பக்கத்துப் பக்கத்தில் போகின்றன. தொட்டிலை அந்த ஜன்னலோரம்தான் போடப்போகிறேன். சமையலறை உத்தரத்தில் பெரிய பெரிய இரும்புக் கொக்கிகள் இருக்கின்றன. பன்றித் தொடையைத் தொங்கவிட்டிருப்பார்கள். நான் கயிறு கட்டிக் குழந்தையின் துணியை உலர்த்துவேன்.

இரண்டு ஆற்றுக்கு நடுவிலா என்று நீ கேட்பாய். நானும்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். நூலகத்தில் மாடிப்படி திரும்பும் இடத்தில் ஒரு பெரிய பழைய படம் தொங்குகிறது, தாத்தாக்கள் காலத்துப் பெருவெள்ளம். மில் லேனைப் பாலத்திலிருந்து எடுத்திருக்கிறார்கள். அந்தக் காலத்துக் கேமராவுக்கு ஓடும் தண்ணீர் பிடிபடாது போலிருக்கிறது. தண்ணீர் தண்ணீராக இல்லை, பாலாக, பனியாக, தெரு முழுக்கப் படுத்திருக்கிறது. இடது வரிசை வீடுகள் முழங்கால் ஆழத்தில் நிற்கின்றன. வலது வரிசையில் வாசற்படிகள்கூட நனையவில்லை. ஒரு படியில் பூனை உட்கார்ந்திருக்கிறது. நம் கண்ணுக்கு இரண்டு வரிசையும் ஒரே மட்டம்தான். நமக்குத் தெரியாத சரிவு தண்ணீருக்குத் தெரிந்திருக்கிறது.

அந்த இடது வரிசையில் ஒரு மாடி ஜன்னலில் ஒரு பெண் கைக்குழந்தையோடு நிற்கிறாள். கீழே ஒருவன் தட்டைப் படகில் நின்றுகொண்டு, வைக்கோல் அள்ளும் கவையில் ரொட்டியைக் குத்தி மேலே நீட்டுகிறான். குழந்தை அசைந்துவிட்டதால் அதற்கு முகம் இல்லை, வெள்ளைப் புகை மட்டும். அவளுக்கு வாய் திறந்திருக்கிறது. அழுகிறாள் என்று நினைக்கிறேன். நம் வீட்டுக்கு நேர் எதிர் வீடு அது. புத்தகம் மாற்றப் போகும்போதெல்லாம் படியில் நின்று, பாவம் எதிர்வீட்டுக்காரி என்று அவளிடம் இரண்டு வார்த்தை பேசிவிட்டுத்தான் வருகிறேன். நம் வரிசையில் நின்றுகொண்டு பேசுகிற தைரியம்!

கீழே ரொட்டிக் கடை டாட் பிராஸரிடம், நம்ம வரிசை தப்பிச்சிருக்கு பாத்தீங்களா என்றேன். அவள் மாவுக் கையைத் துடைத்துக்கொண்டு, "இந்த ஊர்ல கால் நனையாம செத்தவங்க யாரு கண்ணு?" என்று சிரித்தாள். அது அவள் பேச்சு. ஆலங்கட்டி மழையைக்கூட "லேசா ஈரமா இருக்கு" என்பவள்.

நீ கையெழுத்துப் போட்டுவிட்டுப் போன பத்திரங்கள் உறையோடு கணப்படுப்பின் மேல் இருக்கின்றன. நான் தேதி போட்டு வக்கீலிடம் கொடுத்தால் வீடு நமக்கு. அக்டோபர் கடைசிவரை பொறுப்பார்களாம். அடுத்த வாரமே கொடுத்துவிடலாம் என்றிருக்கிறேன்.

அடுப்பு மூட்டுகிறார்கள். கடல் உன்னிடம் மரியாதையாக நடந்துகொள்ளட்டும்.

உன்
ரோஸ்மேரி


லிட்பரி,
3 அக்டோபர்

அன்புள்ள ஓவன்,

கேப்டவுனிலிருந்து நீ போட்ட கடிதம் வந்தது. கம்பெனி இன்னும் ஒரு வருஷம் கேட்கிறது, அடுத்த துறைமுகமான ஃப்ரீமான்டிலில் பதில் சொல்ல வேண்டும், நீ என்ன சொல்கிறாய் என்று எழுதியிருக்கிறாய். அதற்குக் கடைசியில் வருகிறேன். நேற்று நடந்ததை முதலில் சொல்ல வேண்டும்.

உறையை இன்னும் கொடுக்கவில்லை. டாம்சினுக்குக் காய்ச்சல், அதனால் தள்ளிப்போயிற்று. இப்போது தேவலை. நேற்று மாலை டாட் என்னைப் பிடித்து இழுத்துக்கொண்டு தானியச் சந்தை மண்டபத்துக்குப் போனாள். ஊரின் பழைய படங்களைக் கண்ணாடித் தகடுகளில் பதித்து, விளக்கொளியால் திரையில் காட்டினார்கள். திரை என்றால் படுக்கை விரிப்பு. விளக்குப் பெட்டியை இயக்கியவர் இரும்புக் கடை கில்பர்ட் ஹூப்பர். குழந்தையைச் சால்வைக்குள் போட்டு எடுத்துப் போனேன்.

முதல் படமே மாட்டுச் சந்தை, தலைகீழாக. "யோவ் கில்பர்ட்டு, மாடெல்லாம் கூரையில மேயுதுய்யா!" என்று பின்னாலிருந்து ஒரு குரல். "அந்த வருஷம் புல்லு அங்கதான் நல்லா இருந்துச்சு" என்றார் கில்பர்ட், இருட்டுக்குள்ளிருந்து. மண்டபமே சிரித்தது.

அப்புறம் சிரிப்பு அடங்கிவிட்டது. ஓவன், அதை எப்படி எழுதுவது? பாய் விரித்த படகுகள் மூடுபனியில் வந்தன. உறைந்த செவர்ன் மேல் ஆட்கள் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். விலாங்கு பிடிப்பவர்கள் வலைகளைத் தோளில் சாய்த்துக்கொண்டு எங்களையே பார்த்தார்கள். விரிப்பு காற்றில் லேசாக அசைய, ஆறும் அசைந்தது. அதன் வெளிச்சம் முன்வரிசைக்காரர்கள் முகத்தில் விழுந்தபோது, உட்கார்ந்திருப்பவர்கள் யார், படத்தில் இருப்பவர்கள் யார் என்றே எனக்குத் தெரியவில்லை. அதே மூக்குகள். அதே காதுகள். டாம்சின் விழித்துக்கொண்டு வெளிச்சத்தைப் பிடிக்கக் கையை நீட்டினாள்.

அடுத்து மில் லேன் வெள்ளம் வந்தது. பார்த்தவுடன் எழுந்துவிட்டேன். நாலு பேர் நடுவில் வாயே திறக்காதவள் நான். "திருப்பிப் போட்டுட்டீங்க! பூனை இருக்கிற வரிசை வலது பக்கம் வரணும்!" என்று கத்தியே விட்டேன்.

யாரும் சிரிக்கவில்லை. அதுதான் எனக்கு முதல் பயம். டாட் என் பாவாடையைப் பிடித்து உட்கார வைத்து மெதுவாக, "இல்ல கண்ணு, இதான் சரி. லைப்ரரியில தொங்குதே, அதுதான் திருப்பிப் போட்டது" என்றாள். கில்பர்ட் இருட்டுக்குள்ளிருந்து, "எங்கப்பாதான் அதைப் பிரிண்டு போட்டாரு. கண்ணாடி நெகட்டிவைத் திருப்பி வெச்சிட்டாரு. முப்பது வருஷமா அப்படியேதான் தொங்குது" என்றார். ஏன் யாரும் மாற்றவில்லை என்று கேட்டேன். "எதுக்கும்மா மாத்தணும்? எங்க எல்லாருக்கும்தான் தெரியுமே!" என்றார்.

இப்போது சிரித்தார்கள். என்னைப் பார்த்து இல்லை, தங்களையே பார்த்து.

அப்படியென்றால் முங்கியது நம் வரிசைதான். செவர்ன் பெருகினால் லிட்டுக்கு வழி கிடைக்காதாம். வந்த பாதையிலேயே திரும்பி நம் பின்வாசல் வழியாக நுழையுமாம். ஓசையில்லாத அந்தப் பச்சை ஆறுதான்.

அடுத்த படம் ஒரு சமையலறை. கீழே தண்ணீர் மின்னுகிறது. மேஜையும் நாற்காலிகளும் உத்தரத்துக் கொக்கிகளில் தொங்குகின்றன. தொங்கும் மேஜையின் மேல் ஒரு கோழி, தன் வீடு போல. பன்றித் தொடை இல்லை ஓவன். அந்தக் கொக்கிகள் இதற்குத்தான்.

வெள்ளப் படத்தை மறுபடி போடச் சொன்னேன். போட்டார். விரிப்பில் அவள் முகம் பெரிதாகத் தெரிந்தது. எதிர்வீட்டுக்காரி இல்லை. நான் தொட்டில் போட நினைத்த ஜன்னலில் நிற்கிறாள். அழவும் இல்லை, ஏதோ சொல்லிக்கொண்டிருக்கிறாள். எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த பெரியவர், "அது எங்க நெல்லி அத்தை. அவ்வளவு தண்ணியில ரொட்டி கொண்டாந்தவனைப் பாத்து, வெண்ணெய் எங்கய்யான்னு கேட்டாளாம்" என்றார். படகில் யார் என்று கேட்டேன். "வேற யாரு? புருஷன்தான். அவனுக்கு வேலை செய்யத் தெரியாது, பேசத் தெரியாது, படகு மட்டும் நல்லா விடுவான். அதுக்குத்தான் கட்டிக்கிட்டேன்னு சொல்லுவா."

இன்று காலை நூலகத்துக்கு ஓடினேன். படத்தில் உள்ள ஆண்கள் எல்லோருக்கும் கோட்டுப் பொத்தான், பெண்கள் உடுப்பில்போல, பக்கம் மாறி இருக்கிறது. எத்தனை முறை அந்தப் படியில் நின்றிருக்கிறேன்! எனக்கு வேண்டியதை மட்டும் பார்த்திருக்கிறேன்.

அங்கிருந்து சாவி வாங்கிக்கொண்டு அந்த வீட்டுக்குப் போனேன். வேண்டாம் என்று முடிவு செய்யத்தான் போனேன். மாடி ஜன்னலைத் திறந்து, டாம்சினை இடுப்பில் வைத்துக்கொண்டு அவள் நின்ற இடத்தில் நின்றேன். கீழே தெரு காய்ந்து கிடந்தது. ஒரு நாய் போயிற்று. வெகுநேரம் நின்றோம். குழந்தை என் தோளில் தூங்கிவிட்டாள். அவ்வளவு நேரத்தில் ஒரு இருமல் இல்லை. இங்கே வந்து படியேறியதும் இருமத் தொடங்கினாள்.

நான் பயந்தவள், உனக்குத் தெரியும். அங்கே வருகிற பயத்துக்கு ஒரு பெயர் இருக்கிறது, ஒரு காலம் இருக்கிறது, கொக்கி இருக்கிறது. இங்கே இரவெல்லாம் நெஞ்சில் காதை வைத்துக் கேட்கிற பயத்துக்கு அது எதுவும் இல்லை. ஆனால் டாட் ஒன்று சொன்னாள். மேஜையை ஏற்றிக் கட்ட இரண்டு பேர் வேண்டுமாம். ஒருவர் தூக்கிப் பிடிக்க, ஒருவர் முடிச்சுப் போட.

இங்கே மழை இன்னும் தொடங்கவில்லை. உறை கணப்படுப்பின் மேலேயே இருக்கிறது, தேதி போடாமல்.

உன் கேள்விக்கு வருகிறேன். அதற்குமுன் நான் ஒன்று கேட்க வேண்டும். அவ்வளவு பெரிய கப்பலின் எஞ்சினைப் பார்த்துக்கொள்கிறாய். ஒரு சின்ன தட்டைப் படகு விட உனக்குத் தெரியுமா? கல்யாணத்துக்கு முன்னாலேயே கேட்டிருக்க வேண்டும், கேட்கத் தோன்றவில்லை. தெரியும் என்றால் கம்பெனிக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டு, ஃப்ரீமான்டிலிலிருந்து எனக்கு ஒரு தந்தி கொடு. அந்த ஒரு சொல் போதும். அன்றைக்கே பத்திரங்களில் தேதி போட்டுக் கொடுத்துவிட்டு, தொட்டிலை ஜன்னலோரம் கொண்டுபோகிறேன்.

வெண்ணெய் எங்கே என்று கேட்பதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

உன்
ரோஸ்மேரி