ரஜாய்க்கு நேரே ஊதிய கார்னெட்

18 ஜனவரி 1979, வியாழன்

சாயங்கால ஒத்திகையில் பீட்டர் பியானோவை நிறுத்திவிட்டு, "அண்ணே, இது ராக்டைம். நீங்க இன்னும் ஞாயித்துக்கிழமை ஆராதனையிலயே இருக்கீங்க" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்றது. சனிக்கிழமை கச்சேரி. டிரம்பெட் வேண்டாம், ராக்டைம் என்ற அந்தப் பழைய அமெரிக்கத் துள்ளலிசையின் ஓசைக்கு அதைவிடக் குட்டையான கார்னெட்தான் சரி என்று கல்யாண பேண்டுக்காரரிடம் இரவல் வாங்கி வந்தவனே நான்தான்.

கரோல் பாக்கில் பஸ்ஸை விட்டு இறங்குவதற்குள் புரிந்துவிட்டது. குறை வாத்தியத்தில் இல்லை. சபையார் கூடவே பாட வேண்டும் என்று இருபது வருஷமாக ஒவ்வொரு சுரத்தையும் கடைசிவரை பிடித்தே பழகியிருக்கிறேன். ராக்டைமில் சுரத்தைச் சட்டென்று விட்டுவிட வேண்டும். அந்த இடைவெளியில்தான் துள்ளலே இருக்கிறது.

வீட்டுக்கு வந்ததும் சத்தம் அடங்கட்டும் என்று, கொடியில் தொங்கிய ரஜாய்க்கு, அந்தக் கனத்த பஞ்சுப் போர்வைக்கு, நேரே கார்னெட்டைப் பிடித்து ஊதினேன். தாளத்தில் வேகம் கூடிவிடாமல், ஒவ்வொரு சுரத்தையும் நறுக்கி நறுக்கி. சப்பாத்தி மாவுக் கையோடு ஸ்டெல்லா வந்து நின்றாள். "ஏங்க, மெதுவா. மாடியில இருந்து வீட்டுக்காரம்மா சண்டைக்கு வரப் போறாங்க."

நான் நிறுத்தவில்லை. சொன்னபடியே வீட்டுக்காரம்மா வந்து கதவைத் தட்டினார். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. தெருப்பக்கம் எட்டிப் பார்த்துக்கொண்டே இந்தியில் கேட்டார், "யார் வீட்டுக் கல்யாணம் தம்பி? ஊர்வலம் எந்தப் பக்கம் போகுது?"

ஸ்டெல்லா சிரித்த சிரிப்பில் மாவு என் ஸ்வெட்டரில் தெறித்தது.

வீட்டுக்காரம்மாவுக்கு ஆராதனை ஞாபகம் வரவில்லை. சனிக்கிழமை வா, பீட்டர்.