கதவைத் தட்டாத என் மகனுக்கு

என் செல்லச் சங்கரா,

அந்த வெளிநாட்டு முகாமில் உன்னோடு ஒரே அறையில் இருந்த ஆலங்குளத்துச் செல்வத்தை ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். நேற்று இராஜபாளையம் வந்து என்னைப் பார்த்தான். காப்பி கொடுத்தேன். அழுகை வரவில்லை. அவன் போனதும் டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தேன்.

விசா முடிந்தவர்களை அடைத்து வைக்கும் அந்த இடத்தில், டாக்டரைப் பார்க்கச் சீட்டு எழுதிப் பெட்டியில் போட வேண்டும். கூப்பிடும்வரை காத்திருக்க வேண்டும். அதுதான் விதி. சர்க்கரை உடம்பு, காலில் புண் என்று நீ போனில் சொன்னபோது நான் என்ன சொன்னேன்?

"நல்ல இங்கிலீஷ்ல எழுதிப் போடு. கத்தி மானத்த வாங்காத. நம்ம முறை வரும்."

கான்வென்டில் எனக்குச் சொல்லித் தந்ததை உனக்குச் சொன்னேன்.

"மூணு தடவ எழுதிப் போட்டாம்மா," என்றான் செல்வம். "எனக்கு வயித்து வலி வந்தப்ப நான் கதவ எத்துன எத்துல, வைதுக்கிட்டே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனாங்க. இவன்கிட்ட எம்புட்டோ சொன்னேன். 'எங்கம்மாவுக்குத் தெரிஞ்சா வையும்லே'ன்னான். 'ஏலே, ஒங்கம்மா என்ன கேமரா வச்சா பாக்கு?'ன்னேன். சிரிச்சான்."

சிரித்தாயா? அந்த வலியிலுமா?

புண்ணைக் கட்டப் போர்வையைக் கிழித்தாயாம். நம் தெருத் தறிகளில் நெய்த பேண்டேஜ் துணி இன்றும் வாசலில் காய்கிறது. ஜன்னலைச் சாத்தி வைத்திருக்கிறேன்.

புண் அழுகி, காய்ச்சலில் நீ போன பிறகு அவர்கள் எனக்குக் கடிதம் அனுப்பினார்கள். உன் சீட்டுகள் பரிசீலனையில் இருந்தனவாம். பிழையில்லாத ஆங்கிலம். பூட்டி வைத்தவர்கள்தானே வைத்தியமும் பார்க்க வேண்டும்? உள்ளே இருப்பவன் வேறு எந்த டாக்டரிடம் நடந்து போவான்?

இன்று ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராணி என்ற பெண் வந்தாள். அவள் கணவர் இன்னும் அதே முகாமில். நெஞ்சு வலியாம். "ஒரு மனு எழுதித் தாங்க ஆச்சி, ஒங்க இங்கிலீஷ் நல்லாருக்கும்னாக," என்றாள். எழுதிக்கொண்டிருக்கும்போதே அவர் போன் வந்தது. நான் வாங்கினேன்.

"தம்பி, கதவத் தட்டுங்க. டாக்டர் வாரவரைக்கும் நிறுத்தாதீங்க. வெக்கப்படாதீங்க."

ராணி என் முகத்தையே பார்த்தாள். நான் மனுவை எழுதி முடித்தேன்.

நாளை அவளோடு கலெக்டர் ஆபீஸ் போகிறேன். மனுவைக் கொடுத்துவிட்டுத் திரும்பி வரமாட்டேன். ஆபீஸில் இருப்பவர்கள் முகாமுக்குப் போன் போட்டுப் பேசும்வரை அங்கேயே நின்று கத்துவேன். எனக்குக் கத்திப் பழக்கமில்லை. கத்துவேன், சங்கரா.

உன்னைப் பொறுத்திருக்கச் சொன்ன
அம்மா