நகராத புள்ளி

ஒரத்தநாடு
பிப்ரவரி 2

அன்பு மகள் கவிப்ரியாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே எனக்கும் அம்மாவுக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை, அங்கே நீ முழங்கால், கணுக்கால் உட்பட முழுச் சுகமாக இருக்க வேண்டும். இன்று காலை பதினோரு மணிக்கு நானும் அம்மாவும் கூடி, நெடுநேரம் விவாதித்து, எதிர்ப்பின்றி ஒரு முடிவை நிறைவேற்றியிருக்கிறோம்: இந்த விஷயத்தை இனிப் போனில் பேசாமல் கடிதமாக எழுதுவது, அதுவும் நீல மையில். பன்னிரண்டு நாளாக நீ போனை எடுக்காததும் இந்த முடிவுக்கு ஓரளவு உதவியது.

சம்பா அறுப்பு முடிந்தது, கடைசி மழையில் கீழ்வயல் கொஞ்சம் சாய்ந்ததைத் தவிர குறையில்லை, அம்மாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, ஆனால் அவள் அதை நம்புவதில்லை. நடந்ததை நீ இன்னும் என் வாயால் கேட்கவில்லை. நீயும் தஹ்மீனாவும் இன்னும் இரண்டு நண்பர்களும் நியூசிலாந்தில் மூன்று எரிமலைகளில் ஏறி, இடையிலுள்ள எண்பது கிலோமீட்டர் மலைப்பாதையை ஓடியே கடப்பதாகக் கிளம்பிய மூன்றாம் நாள்தான் நம் வயலுக்கு அறுவடை மிஷின் வந்தது. பனி காயட்டும் என்று மிஷின்காரர் முருகையனோடு வரப்பில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டே, போனில் உன் புள்ளியைப் பார்த்துக்கொண்டிருந்தோம். நீ கையோடு கொண்டுபோனது பேச வழியில்லாத, இடத்தை மட்டும் காட்டுகிற கருவி என்று முன்பே சொல்லியிருந்தாய். முதல் இரண்டு நாளும் புள்ளி எறும்பு மாதிரி ஓடியது, அம்மா தெருவில் நாலு பேரைக் கூட்டி வந்து காட்டினாள். அன்றைக்கு ஆறரையிலிருந்து ஒன்பது வரை ஒரே இடத்தில் நின்றது. முருகையன் தன் மூன்று மிஷின்களையும் இப்படிப் புள்ளியாகத்தான் போனில் வைத்துக் கண்காணிக்கிறார், அனுபவஸ்தர். “அண்ணே, புள்ளி பத்து நிமிசம் நின்னா டிரைவரு டீ குடிக்கிறான்னு அர்த்தம். ரெண்டு மணி நேரம் நின்னா மிஷினு சேத்துல எறங்கிட்டு, இழுக்க ஆள் அனுப்பணும்” என்றார். இதை மறுக்க எங்களில் யாருக்கும் அறிவு போதவில்லை. தஞ்சாவூரிலிருந்து வேதாரண்யம் வரை பஸ்ஸில் போனாலும் நாம் ஏறுகிற பெரிய உயரம் ரயில்வே மேம்பாலம்தான். செங்குத்தாக மேலே ஏறுகிறவள் வரைபடத்தில் நின்ற இடத்திலேயேதான் நிற்பாள் என்பது அறுபத்திரண்டு வயதில், அந்த வரப்பில், எனக்குத் தோன்றவில்லை.

அம்மா எழுந்து நின்று, “என்னங்க, நீங்க போன் போடுறீங்களா, நான் போடட்டுமா? எனக்கு இங்கிலீஷ் வராதுன்னு நெனச்சு உக்காந்திருக்காதீங்க” என்றாள். போட்டேன். உன் பயணப் பதிவில் அவசரத் தொடர்புக்கு என் பெயரைக் கொடுத்திருந்ததால் மலைக்காவல் அலுவலகத்தில் உடனே காது கொடுத்தார்கள். அங்கிருந்த பெண் பொறுமையாக, உங்கள் மகள் ஆபத்தில் இருப்பது உங்களுக்கு நிச்சயமாகத் தெரியுமா என்று கேட்டாள். தெரியாது என்பதுதான் பதில். தெரியும் என்றேன். அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், ஆனால் சொன்னது நான். அந்த ஒரு சொல்லுக்காகத்தான் இத்தனை பக்கம்.

மீதியைத் தஹ்மீனாவின் வாப்பா ஜெக்கரியா பாய் நாகூரிலிருந்து கூப்பிட்டுச் சொன்னார். காலடியில் சாம்பலும் சரளையும் சரிய, இரண்டடி ஏறி ஓரடி வழுக்கி, மூன்றாவது மலையின் உச்சிக்கு இருநூறு மீட்டர் கீழே வந்திருந்தீர்களாம். ஹெலிகாப்டரில் வந்தவர்கள் விதிப்படி நால்வரையும் ஏற்றிக் கீழே கொண்டுபோய்விட்டார்களாம். இரண்டு வருடமாகத் தினமும் காலையில் வேலைக்குப் போகுமுன் ஓடி ஓடிப் பழகியது அந்த இருநூறு மீட்டருக்கும் சேர்த்துத்தான் என்று எனக்குத் தெரியும். பாயும் அன்றைக்கு அதே புள்ளியைத்தான் பார்த்தாராம். பயமாக இல்லையா என்று கேட்டேன். “எங்க வாப்பா கப்பலுக்குப் போனா ஆறு மாசத்துக்கு ஒரு சேதியும் வராதுங்க. இங்க புள்ளியாவது தெரியுதேன்னு நான் பாட்டுக்குப் போயி கடையைத் திறந்துட்டேன்” என்றார். அவர் குத்திக்காட்டவில்லை, அதுதான் எனக்குக் குத்தியது.

மன்னிப்பு என்ற சொல் நம் வீட்டில் அதிகம் புழங்குவதில்லை, ரயில் தாமதமானால் ஸ்டேஷனில் சொல்வார்கள், அதோடு சரி. நான் கேட்கிறேன், தஹ்மீனாவிடமும் மற்ற இருவரிடமும் நான் கேட்டதாகச் சொல். அங்கே குளிர்காலம் வருமுன் மறுபடி போ, உச்சி வரைக்கும் போ. போகிற தேதியை மட்டும் எங்களுக்கு மறைக்காதே. புள்ளி நின்றால் நிற்கட்டும், நாங்கள் பார்த்துக்கொண்டு மட்டும் இருப்போம், அம்மாவை நான் பார்த்துக்கொள்கிறேன், என்னை அம்மா பார்த்துக்கொள்வாள்.

கால் நகத்தில் ரத்தம் கட்டியிருப்பதாகப் போன மாதம் சொன்னாய், வெந்நீரில் உப்புப் போட்டு வை, சின்ன ஷூவை யாருக்காவது கொடுத்துவிடு. எந்த மலையில் நின்றாலும் காலும் மூச்சும் உனக்குத் துணையிருக்க எங்கள் இருவர் ஆசியும்.

இப்படிக்கு
அப்பா குணசேகரன்

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது, பழைய தொடர்பு நான் என்பதால், மலைக்காவல் அலுவலகத்திலிருந்து எனக்கு மின்னஞ்சல் வந்தது. மார்ச் 14 பயணத்துக்கான உன் பதிவில் அவசரத் தொடர்பு எண் மாற்றப்பட்டிருக்கிறது. புதிய எண் நாகூர் ஜெக்கரியா பாயுடையது.