இடது பக்கத்து மீட்டர்

ஏப்ரல் 3, வியாழன்

ஒருவழியாக மெக்கானிக் ஃபாரூக் இன்று மீட்டரை மாட்டிவிட்டார். அம்பாசடரின் பழைய டெம்பரேச்சர் மீட்டர் செத்து மூன்று வருஷம் ஆகிறது. உள்ளூரில் ஓடுகிற வண்டிக்கு அது எதற்கு என்று விட்டிருந்தேன். இப்போது மனைவி கனகலட்சுமிக்காக செவ்வாயும் வெள்ளியும் திருநெல்வேலி போக வேண்டியிருக்கிறது. பஸ்ஸில் கூட்டிப்போய் ஒருமுறை மயங்கி விழுந்துவிட்டாள். டயாலிசிஸ் முடிந்த உடம்பு நிற்காது.

இன்ஜினிலிருந்து வருகிற செம்புக்குழாய் நீளம் போதாமல், மீட்டரை டேஷ்போர்டின் இடதுகோடியில்தான் வைக்க முடிந்தது. அதாவது கனகு உட்காருகிற இடத்துக்கு நேரே. ஓட்டுகிற இடத்திலிருந்து எனக்கு அது கண்ணில் படாது. "நான் பார்த்துச் சொல்லுதேன்" என்றாள்.

ஃபாரூக் சவுதியில் இருபது வருஷம் வண்டி வேலை பார்த்துவிட்டுக் கடையநல்லூருக்குத் திரும்பி, பிறகு எங்கள் ஊரில் பட்டறை போட்டவர். "தொண்ணூத்தஞ்சு டிகிரியைத் தாண்டினா நிப்பாட்டிருங்க அண்ணாச்சி. நூறுக்கு மேல ஓட்டினா இன்ஜினை மறந்திர வேண்டியதுதான்" என்றார்.

முப்பது வருஷம் மின்வாரியத்தில் வீடு வீடாக மீட்டர் பார்த்தவன் நான். இப்போது என் மீட்டரை என் வீட்டுக்காரி பார்க்கப்போகிறாள்.

ஏப்ரல் 4, வெள்ளி

பனவடலிசத்திரம் 84. தேவர்குளம் 93. மானூர் 90. கனகு ஒவ்வொரு ஊரிலும் ஒழுங்காகப் படித்துச் சொன்னாள். ஆஸ்பத்திரியில் நாலு மணி நேரம் மிஷினில் படுத்திருந்தாள். ஒரு நாளைக்கு மூன்று டம்ளர் தண்ணீருக்கு மேல் கூடாது என்று நர்ஸ் மறுபடியும் சொன்னார்கள். சித்திரை வெயில் இனிமேல்தான் வரப்போகிறது. மூன்று டம்ளர்.

ஏப்ரல் 8, செவ்வாய்

பனவடலி 86. தேவர்குளத்துக்கு முன்பே 97. ஓரங்கட்டி, பானெட்டைத் தூக்கி, இருபது நிமிஷம் ஆறவிட்டு நாலு லிட்டர் தண்ணீர் ஊற்றினேன். கனகு உள்ளேயிருந்து நான் ஊற்றுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெக்கையா இருக்கா என்று கேட்டேன். முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஏப்ரல் 11, வெள்ளி

83, 94, 91. ஊசி குத்துகிற கை வலிக்கிறதாம்.

ஏப்ரல் 15, செவ்வாய்

85, 85, 85. ஞாயிற்றுக்கிழமை ஃபாரூக் ரேடியேட்டரைக் கழற்றி உப்பெல்லாம் சுத்தம் பண்ணிக் கொடுத்தார். இனி போர்த் தண்ணீரை ஊற்றக்கூடாது என்று சத்தமும் போட்டார். கைராசிக்காரர்.

ஏப்ரல் 18, வெள்ளி

85, 85, 85.

ஏப்ரல் 22, செவ்வாய்

இந்த வெயிலிலும் 85. நம்ம ரெண்டு பேரையும்விட வண்டிதான் திடமா இருக்கு என்று சொன்னேன். லேசாகச் சிரித்தாள். சிரித்து ரொம்ப நாளாகிவிட்டது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

ஏப்ரல் 25, வெள்ளி

தேவர்குளம் தாண்டி வண்டி நின்றுவிட்டது. ஐந்து நிமிஷம் முன்னால்தான் கேட்டேன், எண்பத்தஞ்சு என்றாள். ஏதோ வாடை அடித்தது. அப்புறம் பானெட்டைச் சுற்றி ஒரே ஆவி. இன்ஜின் தடதடவென்று அடித்து அப்படியே அடங்கிவிட்டது.

வேப்பமரத்தடியில் கனகு உட்கார்ந்திருந்தாள். நான் போகிற வண்டிக்கெல்லாம் கைகாட்டிக்கொண்டிருந்தேன், அவள் முகத்தில் ஒரு பதற்றமும் இல்லை. பூ ஏற்றிப்போன லோடு ஆட்டோ ஒன்று எங்களை ஏற்றிக்கொண்டது. நேரமாகிவிட்டதால் இரண்டு மணி நேரம்தான் மிஷினில் போட்டார்கள்.

நாசமாப்போன மீட்டர்.

ஏப்ரல் 26, சனி

வண்டியைக் கட்டி இழுத்து வந்தாயிற்று. இன்ஜின் ஹெட் வளைந்துவிட்டதாம், கேஸ்கட்டும் போயிற்று. மீட்டர் ஏமாற்றிவிட்டது என்றேன். ஃபாரூக் அதைக் கழற்றி, இன்ஜினுக்குள் இருக்கிற அதன் நுனியைப் பக்கத்து டீக்கடையில் கொதிக்கிற தண்ணீரில் விட்டார். முள் ஏறியது. எண்பது, தொண்ணூறு, சரியாக நூறில் போய் நின்றது.

"மீட்டர் நல்லாத்தான் இருக்கு அண்ணாச்சி."

இதை எழுதக் கை வரவில்லை. மாசாமாசம் ஒரே ரீடிங் வருகிற வீட்டுக்கு, ஏதோ தில்லுமுல்லு இருக்கும் என்று நான் இரண்டாம் தடவை போவேன். வேலையில் சேர்ந்த புதிதில் கற்றுக்கொண்டது அது. இந்த நோட்டில் மூன்று நடையாக 85, 85, 85 என்று நானே எழுதியிருக்கிறேன். எப்படிப் பார்க்காமல் போனேன்?

ஏப்ரல் 27, ஞாயிறு

கேட்டுவிட்டேன். அவள் மறைக்கவில்லை.

"வண்டி நின்னுட்டா ஆஸ்பத்திரிக்குப் போவேண்டாம்லா" என்றாள்.

ஏன்ட்டி இப்படிச் செஞ்ச, செத்துப்போவியே என்று கத்தினேன். அவள் கத்தவில்லை. "உங்க வண்டி வழியில நின்னு நாலு லிட்டர் குடிக்கு. நான் நாக்கு வறண்டு அதைப் பார்த்துக்கிட்டு உக்காந்திருக்கேன். என் மனசுல என்ன இருக்குன்னு நீங்க கேக்கவே இல்ல. மீட்டர்ல எவ்வளவு இருக்குன்னுதான் கேட்டீங்க."

உண்மைதான். கேட்கவில்லை. என்ன பதில் வருமோ என்ற பயம் — அதுதான். வேறு என்ன சொல்ல?

ஏப்ரல் 28, திங்கள்

நீளக் குழாய் உள்ள மீட்டர் மதுரையில் கிடைக்குமாம், என் பக்கமே மாட்டித் தருகிறேன் என்றார் ஃபாரூக். அதுதான் புத்திசாலித்தனம். வேண்டாம், அங்கேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

கனகுவிடம் சொன்னேன்: "போகப் பிடிக்கலைன்னா வாயைத் தொறந்து சொல்லு. நான் இழுத்துட்டுப் போகமாட்டேன். மீட்டர்ல மட்டும் பொய் சொல்லாத."

ஏப்ரல் 29, செவ்வாய்

வாடகைக் கார் வாசலில் வந்து நின்றது. "இன்னைக்கு வேண்டாம்" என்றாள். காரைத் திருப்பி அனுப்பினேன். சொல்லு என்று சொன்னவன் நான்தான். சொல்லிவிட்டாள்.

ஏப்ரல் 30, புதன்

கால் வீங்கிவிட்டது. அழுத்தினால் விரல் பதிந்த குழி அப்படியே இருக்கிறது. படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று சுவரில் சாய்ந்தே இருக்கிறாள். ஆஸ்பத்திரிக்குப் போவோமா என்று ஒரு தரம் கேட்டேன். தலையாட்டினாள், வேண்டாம் என்று. இரண்டாம் தரம் கேட்கவில்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். கல்யாணமாகி முப்பத்தாறு வருஷத்தில் இப்படி வேலை ஒன்றும் இல்லாமல் அவள் பக்கத்தில் உட்கார்ந்ததாக நினைவில்லை. நான் அழுததை அவள் பார்த்தாள்.

மே 1, வியாழன்

"வண்டி வந்துட்டா?" என்று சாயங்காலம் கேட்டாள். வந்துவிட்டது என்றேன்.

மே 2, வெள்ளி

குளித்துவிட்டு வந்து பார்க்கிறேன், வண்டியில் ஏறி உட்கார்ந்திருக்கிறாள். செருப்பு நுழையாமல் கையில் வைத்திருந்தாள்.

பனவடலியில் நான் கேட்கவில்லை. வாய் வரை வந்தது, அடக்கிக்கொண்டேன். அவள் மூச்சு வாங்குகிற சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. தேவர்குளத்துக்கு முந்தின ஏற்றத்தில் இன்ஜின் திணறியது. ரோட்டைப் பார்த்தே ஓட்டினேன்.

"தொண்ணூத்தாறு" என்றாள். "ஓரமா நிப்பாட்டுங்க."

நிறுத்தினேன். இறங்கிப் பானெட்டைத் தூக்கினேன். ஆறின பிறகு, அவள் பார்வைக்கு மறைவாகக் குனிந்து கூலண்ட் ஊற்றினேன். இன்னும் ஐந்து நிமிஷம் பார்க்கலாம் என்று நின்றுகொண்டிருந்தபோது, அவள் கண்ணாடியை இறக்கிக் கூப்பிட்டாள்.

"எண்பத்திரண்டுக்கு வந்துட்டுங்க. வாங்க, நேரமாகுது."