குக்கர் விசிலோடு போன குரல்

பூந்தமல்லி,
23.11.2025

அன்பு மகன் ஜுல்ஃபிகருக்கு அம்மா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கருணையால் இங்கே அத்தா, நான், உன் தங்கச்சி ஷிபா மூன்று பேரும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். அவ்வளவு தூரம் இராக்கில், பஸ்ராவில், நீயும் அப்படியே இருக்க வேண்டும் என்று ஐந்து வேளையும் கேட்கிறேன். மனசுக்கு சுகமா என்று கேட்டால் இல்லை, அதை எழுதத்தான் உட்கார்ந்தேன்.

இங்கே ஒரு வாரமாக மழை. நம்ம தெருவில் டிரைனேஜுக்கு என்று தோண்டிய பள்ளத்தை இன்னும் மூடவில்லை, போன வெள்ளிக்கிழமை தொழுகைக்குப் போன அத்தா அதில் காலை விட்டு செருப்பை விட்டுவிட்டு வந்தார், கவுன்சிலர் வீட்டு வாசலில் போய் நின்று நாலு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் வந்தேன். ஷிபா பேங்க் பரீட்சைக்குப் படிக்கிறேன் என்று சொல்லிக்கொண்டு புத்தகத்துக்குள் போனை வைத்துப் பார்க்கிறாள். எல்லாம் வழக்கம்போலத்தான். என்ன அம்மா, வாட்ஸ்அப் இருக்கும்போது கடிதம் என்று நீ சிரிப்பாய். இனிமேல் நான் போனில் குரல் அனுப்ப மாட்டேன் ஜுல்ஃபி. அதனால்தான் உங்கள் கம்பெனி கேம்ப்பில் சமைக்கிற நம்ம அமல்ராஜ் லீவு முடிந்து திரும்பும்போது அவன் கையில் இதைக் கொடுத்து அனுப்புகிறேன்.

ஸைனபின் அம்மாவை, உம்மு ஸைனப்பை, உனக்குத் தெரியும், ஆனாலும் நீ மறந்துவிட்ட மாதிரி நடந்துகொண்டதால் எழுதுகிறேன். போன வருஷம் மே மாசம் அந்தப் பெண்ணை ஆஸ்பத்திரியில்தான் பார்த்தேன். நீ இருக்கிற அதே பஸ்ராவில் அரசாங்கப் பள்ளிக்கூட டீச்சர், பதினொரு வயசுப் பிள்ளை ஸைனபுக்கு முதுகெலும்பு கோணல், ஆபரேஷனுக்குக் கூட்டிக்கொண்டு வந்திருந்தாள். டாக்டர் சொல்வதை வெளிநாட்டு நோயாளிகளுக்கு அரபியில் எடுத்துச் சொல்கிறதுதானே அங்கே என் வேலை, குவைத்தில் பன்னிரண்டு வருஷம் பள்ளிக்கூட ஆயாவாக இருந்து சேர்த்த சொத்து அது ஒன்றுதான். லாட்ஜ் வேண்டாம் என்று நம்ம மாடி போர்ஷனிலேயே மூன்று மாசம் வைத்துக்கொண்டேன். காலையில் கீழே வந்து என்னோடு உட்கார்ந்து வெங்காயம் உரிப்பாள், உரித்துக்கொண்டே பேசுவாள். கோடையில் அங்கே கரண்ட் இருக்காதாம், வெயிலில் பிள்ளை அந்த இடுப்பு பெல்ட்டைப் போட்டுக்கொண்டு புழுங்கித் துடிக்குமாம், பள்ளிக்கூடத்து கேள்வித்தாளால் விசிறிக்கொண்டே இருப்பாளாம். மண்ணுக்குக் கீழே எண்ணெய், குழாயைத் திறந்தால் உப்புத் தண்ணீர் என்பாள். பெரிய பையன் இன்ஜினியரிங் முடித்து நாலு வருஷமாக வீட்டில் இருக்கிறான், கட்சிக்காரன் கடிதம் இல்லாமல் காவல்காரன் வேலைகூட கிடைக்காது என்பாள். முதல் தடவை ஓட்டுப் போட்டபோது மை வைத்த விரலைக் காட்டி போட்டோ எடுத்துக்கொண்டாளாம், அப்புறம் அந்தப் பக்கமே போகவில்லையாம். நானும் சளைக்காமல் நம்ம ஆட்களைத் திட்டுவேன். வித்தியாசம் என்னவென்றால் நான் என் தெருவில் நின்று திட்டலாம், அவள் கடல் தாண்டி என் சமையலறைக்கு வந்துதான் திட்ட முடிந்தது.

அதைத்தான் நான் பதிவு பண்ணி உனக்கு அனுப்பினேன். மதரஸாவில் ஓதின அரபியை வைத்துக்கொண்டு நீ பேசினால் அங்கே எல்லோரும் சிரிக்கிறார்கள், பஸ்ரா பேச்சு பழகவேண்டும் என்று நீதானே கேட்டாய். அவளிடம் சொல்லித்தான் பதிவு பண்ணினேன். உன் பிள்ளை என் பிள்ளை, நல்லா கத்துக்கட்டும் என்று சிரித்துக்கொண்டே போன் பக்கமாக நகர்ந்து உட்கார்ந்தாள். ஊருக்குத் திரும்பிப் போனதும் மறக்காமல் உன்னைப் பெருநாளுக்குக் கூப்பிட்டு மீன் சுட்டுப் போட்டாளே, இன்னும் ஒரு துண்டு என்று மூன்று தடவை வைத்தாள் என்று நீயே சொன்னாயே. உண்ட வீட்டுக்கு இரண்டகம் செய்கிறவன் என் வயிற்றில் பிறந்திருப்பான் என்று நான் நினைத்ததே இல்லை.

அமல்ராஜ் லீவில் வந்ததும் நம்ம வீட்டில் சாப்பிட உட்கார்ந்தான். எனக்கு ஏற்கனவே தெரியும் என்று நினைத்துக்கொண்டு, ஆண்டி, உங்க ஊட்டு வாய்ஸ் கேம்ப் முழுக்க சுத்திகினு கீது, என்று போனை எடுத்துப் போட்டுக் காட்டினான். நாற்பது வினாடி. உம்மு ஸைனப் அவங்க ஊர் பெரிய மனுஷர்களை ஒவ்வொருவராகச் சொல்லி சபிக்கிறாள். நடுவில் என் குக்கர் விசில் அடிக்கிறது. அதற்கப்புறம் நான் சிரித்துக்கொண்டே, அப்படிச் சொல்லு, என்கிறேன். கரண்டியைப் போட்டுவிட்டு, இன்னொரு தடவை போடு என்று சொல்லிக் கேட்டேன். அது நாலு நிமிஷப் பேச்சு ஜுல்ஃபி. பிள்ளை வலியில் அழுததைச் சொல்லிச் சொல்லி கடைசியில்தான் அவள் வாய் சபிக்கும். அழுததை எல்லாம் வெட்டி எறிந்துவிட்டு சாபத்தை மட்டும் எடுத்து, உங்கள் கேம்ப் ஆபீஸில் இருக்கிற அந்த உள்ளூர் ஆளுக்கு, கட்சியில் மச்சான் வைத்திருக்கிறவனுக்கு, நீ அனுப்பியிருக்கிறாய். யார் என்று அவன் கேட்டதற்குப் பெயரையும் சொல்லியிருக்கிறாய். எல்லாம் அமல்ராஜ் சொன்னான். அவளைக் கல்வி இலாகாவில் கூப்பிட்டு விசாரித்தார்களாம். தை மாசம் ஸைனபுக்கு இங்கே இரண்டாவது ஆபரேஷன், அதற்கு அவள் கேட்ட லீவில் கையெழுத்துப் போடவில்லையாம். குறித்த தேதியை விட்டு ஆறு மாசத்துக்கு மேல் தள்ளிப் போனால் முதலில் செய்தது வீணாகிவிடும் என்று டாக்டர் சொன்னபோது, அதை அரபியில் அவளுக்குச் சொன்னவளே நான்தான்.

உனக்குப் போன் போட்டேன். முதலில் நான் இல்லை என்றாய். அப்புறம் சும்மா தமாஷுக்கு என்றாய். அப்புறம், அம்மா, உன் போன் ஆஸ்பத்திரியில தொலைஞ்சு போச்சு, எவனோ எடுத்து அனுப்பிட்டான்னு அவங்ககிட்ட சொல்லிடு, என்றாய். தமாஷுக்கு அனுப்பியவனை அடுத்த மாசமே பாத்திரம் கழுவும் இடத்திலிருந்து ஸ்டோருக்கு, பகல் ஷிப்டுக்கு மாற்றுவார்களா? அந்த மாற்றம் எதற்குக் கிடைத்தது என்று அமல்ராஜ் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. பகல் ஷிப்ட் கிடைத்தது என்று நீ சொன்ன அன்று அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லி தெருப் பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுத்தேனே, அந்தக் கை எனக்கு இப்போது கூசுகிறது. அத்தா நாலு நாளாக உன் பெயரை எடுக்கவில்லை. நீ என்னை மட்டும் ஏமாற்றியிருந்தால் பெற்ற மனசு பொறுத்துக்கொள்ளும். என்னை வைத்து அவளை ஏமாற்றினாய், அதை எப்படிப் பொறுப்பது.

நான் பொய் சொல்லவில்லை. மறுநாளே அவளைக் கூப்பிட்டு, போன் தொலையவில்லை, என் மகன்தான் அனுப்பினான், பதிவு பண்ணின பாவி நான், என்று சொல்லிவிட்டேன். அவள் போனை வைத்துவிட்டாள். ஒருமணி நேரம் கழித்து ஒரு வாய்ஸ் வந்தது. நியூஸ் வாசிக்கிற மாதிரி இலக்கண அரபி. மதிப்புக்குரிய சகோதரியே, நாங்கள் நலம், எங்களுக்கு இங்கே எந்தக் குறையும் இல்லை, எங்கள் அரசாங்கம் எங்களை நன்றாகக் கவனித்துக்கொள்கிறது, நன்றி. அவ்வளவுதான். என் முந்தானையில் கண்ணைத் துடைத்துக்கொண்டு அழுத பெண், என்னையும் போலீஸ்காரனாக நினைத்துப் பேசுகிறாள். நீ கற்றுக்கொள்ள வேண்டும் என்று நான் அனுப்பிய பேச்சு எனக்கு இனிமேல் கிடைக்காது. திட்டியிருந்தால்கூட தாங்கியிருப்பேன்.

ஸைனப் வளர்ந்துவிட்டாள் என்று பெரிய அளவில் பெல்ட் செய்யச் சொல்லியிருந்தோம், அது வந்துவிட்டது. அமல்ராஜ் கொண்டு வருகிறான். அவனிடமே கொடுத்தனுப்பிவிடலாம் என்று பார்க்காதே, நீதான் கொண்டுபோக வேண்டும். உள்ளே கூப்பிட்டால் போ, கூப்பிடாவிட்டால் வாசலிலேயே நில். நான்தான் செய்தேன் என்று உன் வாயால் சொல், காரணம் எதுவும் சொல்லாதே. நாலு நிமிஷமும் முழுசாக என்னிடம் இருக்கிறது. அதை அந்த ஆபீஸ்காரனிடம் போட்டுக் காட்டி நான்தான் வெட்டினேன் என்று நீ சொல்வதால் லீவு கிடைக்குமா, இல்லை இன்னும் கெடுதலாகுமா என்று எனக்குத் தெரியவில்லை. அதை அவள் சொல்லட்டும். அவள் சொல்கிறபடி செய். ஸ்டோர் வேலை போனால் போகட்டும், பாத்திரம் கழுவி சாப்பிட்டாலும் அது ஹலாலான சோறு.

வெயிலில் அலையாதே, தண்ணீர் நிறையக் குடி, அந்த இறுக்கமான ஷூவை மாற்று. கோபத்தில் எழுதினாலும் உனக்காகக் கையேந்தாத நாள் இல்லை. அல்லாஹ் உன் ஆயுளையும் ஈமானையும் காப்பாற்றி, செய்ததை ஒத்துக்கொள்கிற தைரியத்தையும் உனக்குக் கொடுக்கட்டும். ஷிபா சலாம் சொல்லச் சொன்னாள். அத்தாவும் சொல்வார், நீ முதலில் அவள் வீட்டுக்குப் போய்விட்டு வா.

ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. அவள் வீட்டுக் கதவைத் தட்டும்போது உன் போன் உன்னிடம் இருக்கக்கூடாது. கேம்ப்பிலேயே வைத்துவிட்டு, வெறும் கையைக் காட்டிவிட்டு அப்புறம் பேசு.

இப்படிக்கு,
உன் அம்மா
ஷரீஃபுன்னிசா