வளையல் ஏறாத கை

என் அருமை அக்கா,

நீ போன பிறகு நான் படிப்பை விட்டுவிடுவேன் என்று எல்லாரும் நினைத்தார்கள். விடவில்லை. சிதம்பரத்தில் ஓர் ஆய்வகத்தில், சினைச் சுண்டெலியின் நஞ்சுக்கொடியிலிருந்து இரத்தக்குழாய்ச் செல்களைப் பிரித்து வளர்க்கிறேன். நீ கேட்டிருந்தால் மூக்கைப் பொத்திக்கொண்டிருப்பாய்.

அலுப்பான வேலை அக்கா. கொடியைப் பொடியாக நறுக்கி, நொதியில் ஊறவைத்து, சலித்து, வேண்டிய செல்களை மட்டும் காந்த மணிகளில் ஒட்டவைத்துப் பிடிக்க வேண்டும். இரண்டு முறை வேறு செல்கள் கலந்து, களையாக மண்டி வளர்ப்புத் தட்டையே பிடித்துக்கொண்டன. எல்லாவற்றையும் கொட்டினேன். "மூஞ்சே சரியில்ல, ரெண்டு நாள் வூட்டுக்குப் போயிட்டு வாம்மா" என்றார் ஆய்வகத்தை நடத்தும் மேடம். வீட்டுக்குப் போவதுதான் எனக்குப் பெரும்பாடு.

மூன்றாவது முறை வேண்டிய செல்களே ஒட்டிக்கொண்டன. நேற்று நுண்ணோக்கியில் பார்த்தேன், கூழாங்கல் பாவியதுபோல் நெருக்கமாக இருந்தன. மகிழ்ச்சி வரவில்லை. உன் கைதான் நினைவுக்கு வந்தது.

வளைகாப்பன்று உன் கை வீங்கி வளையல் ஏறவில்லை. சோப்பு போட்டு ஏற்றினார்கள். "புள்ளத்தாச்சி பூசுனாப்புல அழகா இருக்கா" என்று அத்தை உன் கன்னத்தை வழித்தாள். எல்லாரும் போன பிறகு சமையலறையில் என்னிடம் மட்டும் கேட்டாய்: "தல வுடாம வலிக்குதுடி. கண்ணு வேற மங்குது. ஆஸ்பத்திரிக்குப் போவலாமா?"

"மாசமா இருந்தா இப்டித்தான் இருக்கும். படு, சரியாப் பூடும்" என்றேன். உயிரியல் படித்தவள் சொன்னதால் நம்பினாய். மறுநாள் வலிப்பு வந்தது. குழந்தையும் தங்கவில்லை. நஞ்சுக்கொடிக்குப் போகும் இரத்தக்குழாய்கள் சரியாக அமையாவிட்டால் இரத்த அழுத்தம் ஏறி அப்படி ஆகலாம் என்று பிறகுதான் படித்தேன். அதனால்தான் இந்த மேசைக்கு வந்தேன்.

திருப்பாதிரிப்புலியூரில் அம்மா இன்றைக்கும் வருகிறவர்களிடம் சொல்கிறாள்: "கருவாடு கருவாடுன்னு உப்பு ஜாஸ்தி தின்னா. சொன்னா கேட்டாளா?" நான் பக்கத்தில் உட்கார்ந்து காபி ஆற்றிக்கொண்டிருப்பேன். செத்தும் பழி உனக்குத்தானா? அம்மாவுக்கு ஒரு மகளாவது மிஞ்சட்டும் என்றுதான் வாயைத் திறக்கவில்லை என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். பொய் அக்கா. பயம்தான்.

ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறுகிறேன். அக்கா ஆஸ்பத்திரிக்குப் போகக் கேட்டாள், நான்தான் வேண்டாமென்றேன் என்று அம்மாவிடம் சொல்லிவிடுவேன். அடிக்கட்டும், முகத்தில் முழிக்காதே என்று சொல்லட்டும். இனியாவது அவள் உன்னைத் திட்டாமல் உனக்காக அழட்டும். இது சத்தியம்.

உன் கூடப்பிறந்த
சின்னவள்